தலைப்பில் எலியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் இருபத்தெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் டீ வருவதற்குள் உங்கள் பேப்பரைப் புரட்டிவிடுவேன், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் கணையப் புற்றுநோய்க்கு ஒரு கூட்டு மருந்து பற்றிச் செய்தி போட்டிருந்தீர்கள். "கட்டி முற்றிலும் மறைந்தது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அன்று சாயங்காலமே ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், அந்தச் செய்தியை பிளேடால் அளவாக வெட்டி நாலாக மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "தம்பி, இந்த மருந்து உங்க கடையில கிடைக்குமா, இல்ல தஞ்சாவூருக்குத்தான் போகணுமா?" என்று கேட்டார். அவர் வீட்டுக்காரருக்குக் கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில், ஒரு வாக்கியத்தின் நடுவில், இந்தச் சோதனை எலிகளிடம் நடத்தப்பட்டது என்று போட்டிருந்தது.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு வாய் வரவில்லை. விசாரித்து வைக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கம்மா என்று அனுப்பிவிட்டேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எலியில் பார்ப்பதெல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நான் விற்கிற பெரும்பாலான மருந்து அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் கணையக் கட்டி விஷயத்தில் எலிக்கும் மனுஷனுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது, அதைத் தெரிந்தவர்கள் இப்படித் தலைப்பு போடமாட்டார்கள். இந்தக் கட்டியில் புற்றணுக்கள் கொஞ்சம்தான், அதைச் சுற்றி நார் நாராகக் கெட்டிப்பட்ட சதைதான் அதிகம், தேங்காய்க்கு மட்டை மாதிரி. அந்த நெருக்கலில் ரத்தக்குழாய்கள் நசுங்கிவிடுவதால் கீமோ மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. சரி, முதலில் மட்டையை உரித்துவிட்டு அப்புறம் கீமோ கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். 2009-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மட்டையைத் தளர்த்தும் ஒரு மருந்தையும் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்த எலிகள், ஜெம்சிடபின் மட்டும் வாங்கிய எலிகளைவிட அதிக நாள் இருந்தன. உலகமே சந்தோஷப்பட்டது. அதே வழியில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, ஏனென்றால் கூட்டு மருந்து வாங்கியவர்கள்தான் சீக்கிரம் இறந்துகொண்டிருந்தார்கள். 2014-இல் எலிகளிலேயே வேறு மாதிரி செய்து பார்த்தபோதுதான் அந்த மட்டை புற்றைக் கொஞ்சம் கட்டிப்போட்டும் வைத்திருந்தது என்று தெரிந்தது.

அதோடு முடியவில்லை. மட்டையில் இருக்கும் ஒரு பசையைக் கரைக்கிற என்ஸைம் ஊசி ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஸ்வாக் என்ற ஆய்வுக் குழுவினர் அதை நாலு மருந்து கீமோவோடு சேர்த்துப் பார்த்தார்கள். கீமோ மட்டும் வாங்கியவர்கள் நடுக்கணக்கில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) 14.4 மாதம் இருந்தார்கள், ஊசியையும் சேர்த்து வாங்கியவர்கள் 7.7 மாதம். கூட்டினால் கூடும் என்று நாம் நினைக்கிறோம், இங்கே கூட்டியதில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது! அதே ஊசியை வேறொரு கீமோவோடு சேர்த்து நடத்திய பெரிய சோதனையும் 2019-இல் தோற்றது. இதெல்லாம் அன்றைக்கு எந்தப் பேப்பரிலும் தலைப்பாக வந்து நான் பார்க்கவில்லை. எலி பிழைத்தது செய்தியாகிறது, மனுஷன் செத்தது ஆவதில்லை.

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள்.

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு. மேல்வயிற்றில் வலி, அது முதுகுக்குப் போகிறது, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பார். இதுவரை இல்லாத சுகர் திடீரென்று வந்தது. நான் என்ன செய்தேன்? கேஸ்தான் அத்தான் என்று சொல்லி மூன்று மாதம் என் கடையிலிருந்து நானே பான்டோபிரசோல் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரன் குடும்பம் டாக்டர் வீட்டுக்குப் போகாது என்பார்கள், அப்படி ஆகிவிட்டது. ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போன பிறகுதான் ஸ்கேன். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தக்குழாய் அடைப்பு, கல்லீரலில் நாலைந்து புள்ளி. அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து மஞ்சளை இறக்கினார்கள். அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஜெம்சிடபின் வாரம் ஒரு தடவை கொடுக்கலாம், வலி குறையும், கொஞ்ச நாள் கூடலாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அவர் சொன்னது சரியான பேச்சுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஜெம்சிடபின் இந்த நோய்க்கு அடிப்படை மருந்தானதே 126 பேரிடம் நடந்த ஒரு சோதனையால். 1997-இல் வெளியான அதன் கணக்கில் பழைய மருந்தான ஃபுளோரோயூராசில் வாங்கியவர்களுக்கு 4.41 மாதம், ஜெம்சிடபின்னுக்கு 5.65 மாதம். ஆயுள் வித்தியாசம் ஐந்து வாரம். ஆனால் அந்தச் சோதனையில் அவர்கள் முதன்மையாக அளந்தது ஆயுளை அல்ல. வலி குறைந்ததா, வலிமாத்திரை குறைந்ததா, எழுந்து நடமாட முடிந்ததா, எடை நின்றதா என்று பார்த்தார்கள். அப்படி நன்மை கண்டவர்கள் பழைய மருந்தில் நூற்றுக்கு ஐந்து பேர், புதியதில் இருபத்துநாலு பேர். எனக்கு இந்தச் சோதனை மேல் ஒரு மரியாதை உண்டு. நோயாளி எதைக் கேட்பாரோ அதை அளந்திருக்கிறார்கள்.

ஆனால் அப்போது அக்கா மகன் ஒரு பேப்பர் கட்டிங்கோடு வந்தான் (உங்கள் பேப்பர் இல்லை, வேறு). ஜெம்சிடபின்னோடு எர்லோடினிப் என்ற மாத்திரையையும் சேர்த்தால் "இறப்பு அபாயம் 18 சதவீதம் குறைகிறது" என்று அதில் இருந்தது. "மாமா, நூத்துல பதினெட்டு பேரு பொழைச்சிக்கிறாங்க மாமா. அதுல நம்ம அப்பா ஒருத்தரா இருக்கக்கூடாதா?" என்றான். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. டி.ஃபார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமா படித்தவன் நான், எனக்கே அப்படித்தான் புரிந்தது. வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே யாரும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. இரண்டும் சேர்த்தே ஆரம்பித்தார்கள். அக்காவின் நகை முதலில் போனது, அப்புறம் பாமணி ஆற்றங்கரையில் இருந்த அரை ஏக்கர் அடமானம்.

அத்தான் போய் ரொம்ப நாள் கழித்து அந்தச் சோதனையின் சுருக்கத்தை நெட்டில் தேடி எடுத்துப் படித்தேன். 569 பேர். ஜெம்சிடபின்னும், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் வாங்கியவர்களுக்கு 5.91 மாதம். ஜெம்சிடபின்னும் எர்லோடினிப்பும் வாங்கியவர்களுக்கு 6.24 மாதம். கழித்துப் பாருங்கள். பத்து நாள்.

அந்த 18 சதவீதமும் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. ஏதாவது ஒரு நாளில் இன்னும் உயிரோடு இருப்பவர்களில் இறப்பு எந்த வேகத்தில் நடக்கிறது, அந்த வேகம் எவ்வளவு குறைந்தது என்பதுதான் அந்த எண். அதற்கும் நூற்றில் பதினெட்டு பேர் பிழைப்பதற்கும் சம்பந்தமில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு வருஷம் தாண்டியவர்கள் அந்த மாத்திரை இல்லாமல் நூற்றுக்கு 17 பேர், மாத்திரையோடு 23 பேர். ஆக யாருக்கோ கொஞ்சம் பலன் இருந்திருக்கலாம். இந்த மூன்று எண்ணையும் அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யாராவது காட்டியிருந்தால் அந்த அரை ஏக்கர் பற்றி அக்காவே முடிவெடுத்திருப்பார். அடமானம் வைக்கவே முடிவெடுத்தும் இருக்கலாம், அது வேறு.

மாதக் கணக்கு என்று நான் மேலே சொல்வதெல்லாம் நடுக்கணக்கு. சராசரி இல்லை. பதினோரு பேரை அவரவர் வாழ்ந்த நாள்படி வரிசையில் நிறுத்தினால் ஆறாவது ஆள் எத்தனை நாள் இருந்தாரோ அது. ஐந்து பேர் அதற்கு முன்பே போயிருப்பார்கள், ஐந்து பேர் அதற்கு மேலும் இருந்திருப்பார்கள், அதில் ஒருவர் மூன்று வருஷம்கூட இருந்திருக்கலாம். "டாக்டர் ஆறு மாசம்னு கெடு வச்சிட்டாரு" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அவர் சொன்னது இந்த ஆறாவது ஆளைத்தான்.

அந்த மாத்திரையால் அத்தானுக்கு முகமெல்லாம் பெரிய பெரிய பருக்கள். அக்காவுக்கு அதில் ஒரே சந்தோஷம், ஏனென்றால் பரு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சோதனையிலும் பரு அதிகம் வந்தவர்கள் அதிக நாள் இருந்தார்கள் என்பது நிஜம். ஆனால் கூடுதல் நாள் இருந்தவர்தானே கூடுதல் நாள் மாத்திரை சாப்பிட்டிருப்பார், பரு வருவதற்கு அவருக்குத்தானே அவகாசமும் இருந்திருக்கும். எது காரணம் எது விளைவு என்று யார் பிரித்துச் சொல்வது. தினமும் காலையில் அக்கா அவர் கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். ஐந்தாவது மாதம் அத்தான் போய்விட்டார்.

எர்லோடினிப்பாவது பத்து நாள் கொடுத்தது. அதே காலத்தில் ஜெம்சிடபின்னோடு பெவாசிஸுமாப் சேர்த்தார்கள், செடுக்ஸிமாப் சேர்த்தார்கள், வேறு புற்றுநோய்களில் நல்ல பெயர் வாங்கிய கீமோ மருந்துகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். குடல் புற்றுநோயில் கொடிகட்டிப் பறந்த மருந்தெல்லாம் இங்கே வந்து படுத்துவிட்டது.

கூட்டு மருந்தே ஏமாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் ஜெயித்த கதையையும் சொல்லவேண்டும். பிரான்ஸில் நான்சி நகரத்தைச் சேர்ந்த தியெரி கோன்ரோவா என்ற மருத்துவர் தலைமையில், அந்த நாட்டின் 48 மருத்துவ மையங்களில் 342 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2011 மே மாதம் வெளியானது. ஃபுளோரோயூராசில், அதற்குத் துணையாக லூகோவோரின், கூடவே ஐரினோடீகன், ஆக்சாலிபிளாட்டின். இந்த நாலையும் சேர்த்து ஃபோல்ஃபிரினாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜெம்சிடபின் மட்டும் வாங்கியவர்களுக்கு 6.8 மாதம், இதை வாங்கியவர்களுக்கு 11.1 மாதம். ஒரு வருஷத்தைத் தாண்டியவர்கள் அங்கே நூற்றுக்கு 21, இங்கே 48. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் திட்டமிட்ட ஆள் சேர்ப்பு முடியும் முன்பே போதும் என்று நிறுத்தினார்கள். பரவிய கணையப் புற்றில் அதுவரை பெரிய சோதனை எதிலும் இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. நாலில் ஒன்றுகூடப் புது மருந்து கிடையாது. எல்லாமே மொத்த விற்பனைக்காரரிடம் சாதாரணமாகக் கிடைப்பவை, இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிப்பவை. சோதனைக்குப் பணம் போட்டதும் பிரெஞ்சு அரசின் ஆராய்ச்சி நிதியும் அந்த நாட்டுப் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கமும். பழைய சாமானை வைத்துக்கொண்டு அரசாங்கக் காசில் செய்து காட்டியிருக்கிறார்கள்! மருந்துக் கம்பெனி ரெப் யாரும் என் கடைக்கு வந்து இதைப் பற்றி நோட்டீஸ் கொடுத்ததில்லை, கொடுக்க அவர்களுக்கு என்ன லாபம்.

ஆனால் அந்த 342 பேர் யார் என்று பார்க்க வேண்டும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்களை மட்டும்தான் எடுத்தார்கள். பித்தம் ஏறி மஞ்சளாக இருப்பவர்களை எடுக்கவில்லை. பகலில் பாதி நேரம் படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு அந்த 11.1 மாதம் பொருந்துமா என்று அந்தச் சோதனை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதில் நாலு மருந்தையும் வாங்கியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கின. "கவுன்ட் இறங்கிருச்சு, இந்த வாரம் கீமோ கிடையாதுன்னுட்டாங்க" என்று என் கடையில் நின்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மார்பில் தோலுக்கடியில் பதித்த போர்ட் என்ற சின்னக் கருவியில் ஊசி குத்தி, 46 மணி நேரம் ஒரு பம்ப் மூலமாக மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதையும் தொட முடியாது, விரலில் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் குடித்தால் தொண்டையை யாரோ பிடிப்பது போல இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார், அவர் கையுறை போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறப்பார். ஐரினோடீகன் சிலருக்கு நிற்காத பேதியைக் கொடுக்கும். இருந்தாலும் ஒரு ஆச்சரியம், ஆறு மாதம் ஆனபோது வாழ்க்கைத் தரம் திட்டவட்டமாகக் கெட்டுப்போனவர்கள் ஜெம்சிடபின் பக்கம் நூற்றுக்கு 66, நாலு மருந்துப் பக்கம் 31 தான். மருந்து படுத்துவதைவிட நோய் படுத்துவது அதிகம் என்று தெரிகிறது. ஆக இதைத் தாங்கக்கூடிய உடம்பு உள்ளவருக்கு இது நிஜமான மருந்து. தாங்காதவருக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன், எழுத மனமில்லை.

2013-இல் இன்னொன்று வந்தது. ஜெம்சிடபின்னோடு நாப்-பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து. 861 பேரில் 6.7 மாதம் 8.5 ஆனது. அப்புறம் 2023-இல் பெரிய செய்தியாக வந்தது, ஐரினோடீகனைக் கொழுப்பு உறைக்குள் வைத்துச் செய்த விலை உயர்ந்த வடிவத்தைப் போட்ட ஒரு நாலு மருந்துக் கூட்டு. 770 பேரிடம் நடந்த சோதனை. நாப்-பாக்லிடாக்சல் கூட்டுக்கு 9.2 மாதம், இதற்கு எவ்வளவு தெரியுமா, 11.1 மாதம். அந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வேறு சோதனை, வேறு ஆட்கள், வேறு காலம், அப்படியே வைத்து ஒப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய, மலிவான ஃபோல்ஃபிரினாக்ஸோடு நேருக்கு நேர் ஏன் வைத்துப் பார்க்கவில்லை என்ற கேள்வியை ஒரு செய்தியாளராவது கேட்டிருக்கலாம் இல்லையா? எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. நோஞ்சானோடு மல்லுக்கட்டினால் யாரும் பயில்வான்தான்.

அப்படி நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே நாப்-பாக்லிடாக்சல் கூட்டு, கொஞ்சம் மாற்றிய ஃபோல்ஃபிரினாக்ஸ், அவர்கள் ஊர் மாத்திரை ஒன்றைச் சேர்த்த மூன்றாவது கூட்டு என்று மூன்றையும் ஒரே சோதனையில் வைத்தார்கள். பின்னவை இரண்டும் ஜெயிக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் ஆரம்பித்தார்கள். 2023-இல் வெளியிட்டபோது முதலாவதுக்கு 17.1 மாதம், மற்றவைக்கு 14, 13.6 என்று வந்தது. பிரான்ஸில் ஜெம்சிடபினை ஜெயித்த கூட்டு, ஜப்பானில் நாப்-பாக்லிடாக்சல் கூட்டை ஜெயிக்கவில்லை. நம் ஊர் உடம்புக்கு எது சரி என்று நாமும் நம் ஊரில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். ட்ரையல் என்ற வார்த்தையைக் கேட்டாலே நம் ஆட்கள் "எங்களை எலியாக்கப் பாக்குறாங்க" என்று ஓடிவிடுகிறார்கள். எலியில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம், மனிதர்களிடம் முறையாக நடப்பதற்குப் பயப்படுகிறோம், வேடிக்கைதான். நல்ல சிகிச்சை ஏற்கனவே இருக்கிற நோயில், ஒழுங்கான மூன்றாம் கட்டச் சோதனையில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிற பெரிய சோதனை) யாருக்கும் வெறும் தண்ணீரை மட்டும் ஏற்றி ஏமாற்றுவதில்லை. ஒரு பக்கத்துக்கு இன்றைக்கு உள்ள நல்ல சிகிச்சை, இன்னொரு பக்கத்துக்குப் புதியது, யாருக்கு எது என்பது குலுக்கலில். ஏன் குலுக்கல் என்றால், டாக்டரிடம் விட்டால் தெம்பாக இருப்பவருக்குப் புதியதையும் தளர்ந்தவருக்குப் பழையதையும் கொடுத்துவிடுவார், அப்புறம் ஜெயித்தது மருந்தா தெம்பா என்று தெரியாது. நம் நாட்டில் நடக்கிற மருந்துச் சோதனைகளை எல்லாம் பதிவு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பதிவேடு ஒன்று 2007 முதல் இருக்கிறது, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நெட்டில் பார்க்கலாம். எந்த ஊரில், எத்தனை பேரிடம், எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்று இருக்கும். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்று மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் தாளை நமக்குப் புரிகிற மொழியில் தரவேண்டும். இதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டீர்கள் என்றால் எவ்வளவு பேருக்கு உபயோகம். "புது ட்ரையல் மருந்து, முன்பணம் கட்டுங்க" என்று யாராவது கேட்டால், பதிவு எண்ணைக் காட்டுங்க என்று கேட்கிற தைரியமாவது வரும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டு மருந்துச் செய்தி எது வந்தாலும் முதல் பத்தியிலேயே எலியா மனுஷனா என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் தலைப்பிலேயே. மனுஷன் என்றால் எத்தனை பேர், எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள், நடமாடுகிறவர்களா படுத்திருப்பவர்களா. சதவீதத்தைப் போடும்போது பக்கத்தில் மாதத்தையும் போடுங்கள், பத்து நாள் என்றால் பத்து நாள் என்றே போடுங்கள். கட்டி சுருங்கியது என்பது வேறு, ஆள் அதிக நாள் இருந்தார் என்பது வேறு, ஸ்கேனில் சுருங்கியும் ஆயுள் கூடாத மருந்துகள் உண்டு. அப்புறம் இன்று போடுகிற செய்தியில் இருக்கும் மருந்து மூன்று வருஷம் கழித்துத் தோற்றால், அதையும் இதே பக்கத்தில் இதே அளவில் போடவேண்டும். இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தோற்றுப்போன மருந்தைப் பற்றி எந்தக் கம்பெனியும் பிரியாணி போட்டுப் பத்திரிகையாளர் கூட்டம் வைக்காது, நீங்களாகத்தான் தேடிப்போக வேண்டும்.

இன்னொன்றும் எழுதுங்கள். கணையம் கெட்டால் சாப்பாடு செரிக்காது. எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் போகும், எடை மளமளவென்று இறங்கும், வீட்டில் எல்லோரும் புற்றுநோய்தான் உடம்பைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பல பேருக்குச் செரிமான என்ஸைம் வராததும் ஒரு காரணம். அதற்குக் கேப்ஸ்யூல் இருக்கிறது, என் கடையிலேயே இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட ஆரம்பிக்கும்போதே முதல் கவளத்தோடு போடவேண்டும், சாப்பிட்டு முடித்து கை கழுவிய பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. இதை எழுதிக்கொடுக்காத சீட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், லட்சக்கணக்கில் கீமோ பில் இருக்கும், இது மட்டும் இருக்காது. வலிக்கும் அப்படித்தான். வயிற்றின் பின்னால் இருக்கும் நரம்பு முடிச்சில் ஊசி போட்டு வலியை அடக்க முடியும், மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகளில் கிடைக்கும். அத்தான் கடைசி மாதம் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு ஊசி உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. நுரையீரல் புற்றில் 2010-இல் ஒரு சோதனை வந்தது, 151 பேர். வலி, மூச்சு, மனசு எல்லாவற்றையும் கவனிக்கிற குழுவை ஆரம்பத்திலேயே சேர்த்தவர்கள் 11.6 மாதம் இருந்தார்கள், சேர்க்காதவர்கள் 8.9. இரண்டரை மாதத்துக்கு மேல் வித்தியாசம். வேறு நோய்தான், இருந்தாலும் அதுவும் ஒரு கூட்டுச் சிகிச்சைதானே. அதற்குத் தலைப்பு போட்ட பேப்பர் கட்டிங் எதையும் யாரும் என் கடைக்குக் கொண்டுவந்ததில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு இப்போது என்ன கீமோ நடக்கிறது, எழுந்து நடக்கிறாரா, என்ஸைம் கொடுக்கிறார்களா, எதுவும் நான் அன்று கேட்கவில்லை. அவர் கொடுத்த கட்டிங் என் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் வரும்போது கேட்கவேண்டியதைக் கேட்டு, சொல்லவேண்டியதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்குள் ஒரு நாள் நாலு வரியில் ஒரு திருத்தம் போட்டீர்கள் என்றால், அதையும் வெட்டி அவர் கையில் கொடுப்பேன். நான் வாயால் சொல்வதைவிட அச்சில் வந்ததை அவர் நம்புவார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
மன்னார்குடி.